பந்தயக் கிளப்பும் டிராக் டே நடத்துபவரும்: கைகோக்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர். அதில் ஒரே நேரத்தில் 30 பைக்குகளை இறக்கினால் ஒன்றுக்குச் சராசரியாக 124 மீட்டர் இடைவெளி கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 124 மீட்டரைக் கடக்க நான்கு நொடிகூட ஆகாது. இந்தக் கணக்கைப் பந்தயக் கிளப்காரரிடம் காட்டினால் "தாராளமாக இருக்கிறதே" என்பார். டிராக் டே (கட்டணம் கட்டித் தன் பைக்கைப் பந்தயத் தடத்தில் போட்டியில்லாமல் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடத்துபவரிடம் காட்டினால் "நெருக்கடி" என்று நெற்றியைத் தேய்ப்பார். இருவர் சொல்வதும் சரிதான். முன்னவர் மனத்தில் இருப்பது முண்டியடித்து முந்தப் பழகிய வீரர்கள். பின்னவர் மனத்தில் இருப்பது, வாரம் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு ஞாயிறன்று முதல்முறையாகத் தோல் உடை மாட்டிக்கொண்டு வரும் ஒருவர்.

இரு தரப்பும் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை மறந்ததால் வருபவை. கிளப் நடத்துவது போட்டி. டிராக் டே நடத்துபவர் விற்பதோ போட்டியில்லாத ஓட்டம். ஒரே தடம், ஒரே பைக், ஒரே பெட்ரோல் வாசம் என்பதால் இரண்டும் ஒரே தொழில் என்று தோன்றிவிடுகிறது.

நம் ஊரில் இந்த உறவுக்கு ஒரு தனிக்கோணமும் உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல பத்தாண்டுகள் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவிட்டு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தைத் திறந்தது. அதாவது இங்கே ஒரு கிளப்பே வீட்டுக்காரர். டிராக் டே நடத்துபவர்களும் பயிற்சிப் பள்ளிகளும் மற்றக் கிளப்புகளும் வாடகைக்கு வருபவர்கள். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னொரு வாய்ப்பு, 2.1 கிலோமீட்டர்தான் என்பதால், மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு அங்கே இன்னும் இறுகும். 30 பைக்குக்கு ஆளுக்கு 70 மீட்டர். சென்னையில் சரியாக ஓடிய திட்டத்தை அப்படியே கோவைக்குத் தூக்கிச் செல்வது ஒரு தவறு. தடத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும், வாடகையைப் பார்த்து அல்ல.

கூட்டணி ஏன் தேவை என்பதில் குழப்பமில்லை. தடத்தின் வாடகை, பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் மாறாது. கிளப்பிடம் உறுப்பினர்களும், தடத்தோரம் நின்று கொடி பிடிக்கத் தெரிந்த மார்ஷல்களும் இருக்கிறார்கள். நடத்துபவரிடம் புதிய முகங்களும் பதிவு, பணம், விளம்பரம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

குழுப் பிரிப்பில் கௌரவம் பார்ப்பது

ஓட்டுபவர்களைத் திறமைக்கேற்ப மூன்று குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு 20 நிமிடம் வீதம் மாற்றி மாற்றி விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மதிய உணவு போக ஏழு மணி நேரம் கிடைத்தால் ஒருவருக்கு ஏழு முறை என்று தாளில் வரும். நடைமுறையில் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி இரண்டும் ஓர் எண்ணெய்க் கசிவும் போதும், அது ஐந்தாகச் சுருங்கிவிடும். கிளப் வீரர்களின் பொறுமை முதலில் தீர்வது இங்கேதான். அடுத்த வாரம் பந்தயம் இருக்கும். ஐந்து முறையில் என்ன பழகுவது? "காலியாக இருக்கும் குழுவில் கொஞ்சம் ஓட்டிக்கொள்கிறேனே" என்று ஆரம்பிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டு நிகழ்ச்சியில் பிட் லேன் (பைக்குகள் தடத்துக்குள் நுழையும் ஓரப்பாதை) வாசலில் ஆட்களை எண்ணி அனுப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. கிளப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர், தன் குழுவின் நேரம் சிவப்புக் கொடியில் வீணானதால், புதியவர்கள் குழுவில் நுழைந்துகொண்டார். நானும் விட்டுவிட்டேன், தெரிந்த முகம். இரண்டாவது சுற்றில், வளைவின் உட்பக்கமாக ஒருவரை முந்தினார். பந்தயத்தில் அது பாராட்டப்படும் நகர்வு. முந்தப்பட்டவருக்கோ அன்று வாழ்க்கையின் முதல் டிராக் டே. திடுக்கிட்டு பிரேக்கை அழுத்தியவர் தடத்தைவிட்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்தார். அடி இல்லை. ஆனால் அவர் அதன்பின் வரவேயில்லை. "நான் அவரைத் தொடக்கூட இல்லையே" என்று அந்த இளைஞர் சொன்னதும் உண்மை. தொடாமலே ஒரு வாடிக்கையாளரை இழக்க முடியும் என்பது கிளப்காரர்களுக்குப் புரிய நாளாகும்.

ஆகவே முந்தும் விதியைக் குழுவாரியாக எழுதி ஒட்டுங்கள். புதியவர் குழுவில் நேர்த்தடத்தில் மட்டும், போதிய பக்கவாட்டு இடைவெளி விட்டு. நடுக்குழுவில் வளைவின் வெளிப்பக்கமாகவும். மேல்குழுவில் மட்டும் இருபுறமும். வீரர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் கடைசி ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென்று தனியாக ஒதுக்கி, அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். சலுகையை வாசலில் கேட்டு வாங்கும் வழக்கம் மட்டும் கூடாது.

இதன் மறுபக்கம்: வேகமாக ஓட்டுபவர் எல்லாம் நல்ல ஆசிரியர் என்று நினைத்து, கிளப் வீரர்களைப் பயிற்றுநர்களாக நிறுத்துவது. கற்பிப்பவர் மெதுவாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முன்னே போய்க்கொண்டு, பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்த்து, கையால் பாதை காட்டுவது தனித்திறமை. பல சாம்பியன்களுக்கு அது வராது.

கோப்பை ஆசை

மாலையில் "இன்றைய வேகமான சுற்று" என்று ஒரு கோப்பை கொடுத்தால் கூட்டம் கலகலப்பாக முடியும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெரும்பாலும் கிளப் பக்கத்திலிருந்துதான் வரும். ஏற்காதீர்கள்.

நேரம் பார்த்துப் பரிசு கொடுத்த கணத்தில் அது போட்டியாகிவிடுகிறது. இந்தியாவில் மோட்டார் பந்தயத்தை நெறிப்படுத்தும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கூட்டமைப்பின் அனுமதி, போட்டி உரிமம் வைத்திருக்கும் வீரர்கள், அதிகாரிகள் என்று வேறு வரிசை விதிகள் அங்கே தொடங்குகின்றன. கிளப்புக்கு அந்த விதிகள் தண்ணீர் பட்ட பாடு. நடத்துபவருக்கு அப்படியல்ல, அவர் அந்த அனுமதியை வாங்கியும் இருக்க மாட்டார்.

காப்பீட்டிலும் இதே கதை. உங்கள் பைக்கின் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். அமைப்பு முறையிலான பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மை ஓட்டம் ஆகியவற்றுக்கு அந்தப் பாலிசி செல்லாது என்று அச்சிட்டிருக்கும். கோப்பை இல்லாத டிராக் டேவுக்கே இழப்பீடு கிடைக்கும் என்று நம்பி வரக்கூடாது. கோப்பையும் வைத்தால் மறுப்பதற்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே "சாலைப் பாலிசி இங்கே செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொல்லும் நடத்துபவர் எனக்கு மதிப்புக்குரியவர். சொன்னால் பதிவு குறையும் என்று கிளப் பயப்படும். குறையட்டும்.

இன்னொரு வாக்குறுதியும் ஆபத்தானது: "எங்கள் டிராக் டேவுக்கு வந்தால் பந்தய உரிமம் வாங்கலாம்." உரிமத்துக்குக் கூட்டமைப்பு அங்கீகரித்த பயிற்சிதான் கணக்கு. சாதாரண டிராக் டே அனுபவம் உதவும், சான்றிதழ் ஆகாது. அங்கீகாரம் உள்ள பயிற்சிப் பள்ளியைக் கூட்டணியில் மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டால் மட்டும் விளம்பரத்தில் அந்த வரியைப் போடலாம்.

கையெழுத்து எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்புவது

"என் சொந்தப் பொறுப்பில் ஓட்டுகிறேன்" என்ற தாளில் கையெழுத்து வாங்காத நிகழ்ச்சி கிடையாது. ஆனால் அந்தத் தாள் யார் பெயரில் இருக்கிறது? பல கூட்டு நிகழ்ச்சிகளில் நடத்துபவரின் பெயர் மட்டும் இருக்கும்; கிளப், தடத்தின் உரிமையாளர், மார்ஷல்கள் எவர் பெயரும் இருக்காது. பழைய தாளை நகலெடுத்ததன் விளைவு. நடத்தியவரின் கவனக்குறைவு நிரூபணமானால், எல்லார் பெயரும் இருந்தாலுமே அது முழுக் கவசமாகிவிடாது.

சிறுவர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவரது கையெழுத்துக்கு மதிப்பில்லை. கிளப்புகளில் 12, 13 வயதிலேயே பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "எங்கள் பையன், நன்றாக ஓட்டுவான்" என்று நடத்துபவரிடம் அழைத்து வருவார்கள். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் ஒருவன் விபத்தில் உயிரிழந்தான். அது முறையான அனுமதியோடு நடந்த போட்டி. பெரியவர்களின் பெரிய பைக்குகளுக்கு நடுவே ஒரு பிள்ளையை விடலாமா என்ற கேள்வி எழுந்தால், என்னைப் பொறுத்தவரை விவாதமே வேண்டாம். அவர்களுக்குத் தனி நாள், தனி நேரம், சிறிய பைக்குகள். அது முடியாதென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

"பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு

பணத்தை ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். வாடகை, ஆம்புலன்ஸ், மார்ஷல் படி, சாப்பாடு எல்லாம் சேர்த்துச் செலவு 5 லட்சம், இடங்கள் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 10,000 ரூபாய். கிளப் "20 இடம் எங்களுக்கு, 8,000க்கு" என்கிறது. நடத்துபவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார். இப்போது மீதி 30 பேர் தலைக்கு 11,333 ரூபாய் கொடுத்தால்தான் செலவுக்கே சரியாகும். கடைசி வாரத்தில் கிளப்பிலிருந்து 12 பேர்தான் வருகிறார்கள் என்று தெரிகிறது. தலைக்கு 13,467 என்று வசூலிக்க வழியில்லை; எல்லாரும் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. அந்த எட்டு இடங்களுக்குக் காத்திருந்தவர்களையும் "நிரம்பிவிட்டது" என்று திருப்பி அனுப்பியாயிற்று.

சலுகை விலை இங்கே குற்றவாளி அல்ல. நிரப்பாத இடங்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு கடைசித் தேதி வைக்காததுதான். மூன்று வாரம் முன்பு வரை கிளப் கையில், அதற்குப் பிறகு பொதுப் பதிவுக்கு, முன்பணம் திரும்பாது. இதை எழுதிவிட்டால் நட்பு கெடாது. மழைக்கும் இப்படியே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் தேதி வைப்பவர், மழை பெய்தால் ஓட்டமா ரத்தா, ரத்தென்றால் வாடகை இழப்பு யார் தலையில் என்பதைக் கோடையிலேயே பேசிவிட வேண்டும். சொன்ன விலையில் ஜிஎஸ்டி அடக்கமா இல்லையா என்பதையும். சிறிய விஷயம்போலத் தோன்றும். பெரிய மனஸ்தாபங்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

வாகனப் பரிசோதனை

கிளப்பின் பந்தய பைக்கில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். சாலையிலிருந்து வரும் பைக்கில் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கும். அது தடத்தில் கொட்டினால் தண்ணீரைப்போல் காய்ந்து போகாது, வழுக்கும். பந்தய விதியை எல்லார்மீதும் திணித்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். முழுக்க விட்டால் மேல்குழுக்காரர் யாரோ ஒருவரின் பச்சைத் திரவத்தில் சறுக்குவார். குறைந்தபட்சப் பட்டியல் ஒன்றைப் பணம் கட்டும் முன்பே அனுப்புங்கள்: டயர், பிரேக் பட்டை, சங்கிலி, கசிவு, கண்ணாடிகளைக் கழற்றுவது, விளக்குகளுக்கு டேப் ஒட்டுவது. காலை ஆறரை மணிக்கு வரிசையில் நிற்பவரிடம் முதன்முறையாக விதியைச் சொல்வது அவமதிப்பு. (டயர் சூடாக்கும் உறைகளுக்கு எத்தனை மின்இணைப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு பிளக்குக்கு ஐந்து பேர் சண்டையிட்டதைப் பார்த்திருக்கிறேன்.)

சிவப்புக் கொடி யார் கையில்

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, அது ஒருவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டது என்றால், அது திரும்பும்வரை தடம் மூடியே இருக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த முடிவைச் சொல்வது யார்? வாடகைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடத்துபவருக்குத் திறக்க ஆசை. வீரர்களுக்குச் சுற்றுகள் போகின்றன, கிளப்புக்கும் ஆசை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் தவறான முடிவுகள் பிறக்கின்றன. ஒருவரைத் தடத்திலிருந்து வெளியேற்றும் கறுப்புக் கொடியும் அப்படித்தான். கிளப் அதிகாரி தன் நட்சத்திர வீரரை வெளியேற்றத் தயங்குவார். நடத்துபவரோ அடுத்த நிகழ்ச்சிக்கு அந்தக் கிளப் வேண்டுமே என்று தயங்குவார்.

அன்றைக்கு ஒரே ஒருவர் சொல்வதுதான் இறுதி என்று பெயர் போட்டு எழுத வேண்டும். அவர் அன்று பைக் ஓட்டக்கூடாது. காலைக் கூட்டத்தில் அவரை நிறுத்தி, இவர் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லார் முன்னும் அறிவிக்க வேண்டும்.

நான் ஆளைத் தவறாக உள்ளே விட்ட அந்தக் கூட்டணி இன்னும் நடக்கிறது. அவர்களுடைய ஒப்பந்தத்தில் அதன்பின் ஒரு வரி சேர்ந்தது: பிட் லேன் வாசலில் நிற்பவர் யாருடைய நண்பராகவும் இருக்கக்கூடாது. அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது. நான் இப்போது சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிறேன்.