மிச்சமாகும் கரண்ட் காசே தவணை கட்டட்டும்: கிருஷ்ணகிரி, தருமபுரி தொழிற்கூடங்களுக்கான செய்முறை

பழைய மோட்டாரை மாற்றினால் கரண்ட் பில் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றக் காசுக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை. கடன் வாங்கலாம். ஆனால் அதன் தவணை, குறைகிற பில்லுக்குள் அடங்க வேண்டும். அடங்குமா என்று கடன் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடும் வழி இது. கணக்குக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்திருக்கிறோம்; உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரு வருட பில்லை எடுங்கள்

12 மாத பில்லையும் ஒரு தாளில் எழுதுங்கள்: யூனிட், அதிகபட்ச டிமாண்ட் (அந்த மாதம் இழுத்த உச்ச சுமை), பவர் ஃபாக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்), பக்கத்திலேயே அந்த மாத உற்பத்தி. உற்பத்தி இல்லாத கணக்கு எதற்கும் உதவாது. ஆர்டர் குறைந்த மாதத்தில் பில் தானாகக் குறையும், அது சேமிப்பு ஆகாது. ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் என்பதே உங்கள் அடிப்படைக் கணக்கு. வங்கியும் பிறகு இதைத்தான் கேட்கும். பவர் ஃபாக்டருக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்தால் முதலில் கெபாசிட்டரைச் சரிசெய்யுங்கள். அதற்குக் கடன் வேண்டாம்.

2. அளந்து பாருங்கள்

ஆம்பியர் மட்டும் காட்டும் கிளாம்ப் மீட்டர் போதாது. கிலோவாட் காட்டும் கிளாம்ப் வேண்டும். பிளேட்டில் 20 எச்.பி. என்று இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாதி லோடில் ஓடும் மோட்டார்கள் நிறைய. ஒரு வாரம் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் குறியுங்கள்.

ஏர் கம்பிரசர் இருந்தால் வேலை முடிந்த பின், காற்று யாருக்கும் தேவைப்படாத நேரத்தில், அதை ஓடவிட்டுப் பாருங்கள். 10 நிமிடத்தில் 3 நிமிடம் லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடினால் கம்பிரசர் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது என்று அர்த்தம். ஹோஸும் கிளிப்பும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கசிவை அடைக்காமல் புது கம்பிரசருக்குக் கடன் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுவது போல.

3. எத்தனை மணி நேரம் ஓடும்?

பல முறை ரீவைண்டிங் செய்த 20 எச்.பி. மோட்டார், முக்கால் லோடில் 13.2 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். அதே வேலைக்கு ஐ.இ.3 (உயர் செயல்திறன் தரம்) மோட்டார் சுமார் 12.2 இழுக்கும். மணிக்கு ஒரு யூனிட் மிச்சம்.

கிரானைட் பாலிஷ் பட்டறையில் இது தினம் 16 மணி நேரம், 300 நாள் ஓடினால் 4,800 யூனிட், அதாவது 38,400 ரூபாய். மாங்கூழ் ஆலையில் 90 நாள் சீசன் மட்டும் என்றால் 1,440 யூனிட், 11,520 ரூபாய். மோட்டாரும் பொருத்தும் செலவும் 75,000 என்றால் கிரானைட்காரருக்கு இரண்டு வருடத்தில் போட்ட காசு திரும்பும். கூழ் ஆலைக்கு ஆறரை வருடம். கூழ் ஆலையில் மோட்டாரை விட்டுவிட்டு, பாய்லரில் ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), கண்டென்சேட் நீரை (நீராவி குளிர்ந்து வரும் வெந்நீர்) திரும்ப எடுப்பது, குழாய்க்கு இன்சுலேஷன் இவற்றை முதலில் பாருங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று: புது மோட்டார் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். 1,440 சுற்று 1,470 ஆனால் சென்ட்ரிஃபியூகல் பம்பும் ஃபேனும் 6 சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும். மேலே சொன்ன மிச்சத்தில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். பெல்ட் டிரைவ் என்றால் புல்லி அளவை மாற்றுங்கள். நேரடி இணைப்பு என்றால் உள்ளே சுற்றும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்க வேண்டும்.

4. கடனும் தவணையும்

10 லட்சம், 11 சதவீத வட்டி. மூன்று வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 32,740. நான்கு வருடத்துக்கு 25,850. மாத மிச்சம் 33,000 என்றால் நான்கு வருடமே வாங்குங்கள். மிச்சம் தவணையைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு மாதம் ஆர்டர் இல்லாவிட்டால் அதுதான் தாங்கும்.

சீசன் தொழில் என்றால் மாதத் தவணைக்குச் சம்மதிக்காதீர்கள். கூழ் டின் குடோனில் நிற்கும்போது தவணை மட்டும் ஓடும். உங்கள் விற்பனைப் பணம் வரும் மாதங்களை எழுதிக் காட்டி, அதற்கேற்ற தவணை அட்டவணை கேளுங்கள்.

வட்டியைக் குறைக்க: மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் அடீட்டி (ADEETIE) திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீத வட்டி மானியம். குறைந்தது 10 சதவீத எரிசக்தி மிச்சத்தைக் காட்ட வேண்டும். 14 துறைகளுக்கு உண்டு, உணவு பதப்படுத்தல், ஃபவுண்டரி, ஃபோர்ஜிங் அதில் அடக்கம். எரிசக்தித் தணிக்கைச் செலவில் ஒரு பங்கைத் தமிழக அரசின் பீஸ் (PEACE) திட்டத்தில் பெற மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஈடு வைக்கச் சொத்து இல்லையென்றால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. (சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் அறக்கட்டளை) உத்தரவாதம் கேளுங்கள், வரம்பு இப்போது 10 கோடி.

ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் மெஷினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. மாட்டிய பிறகு

அதே கிளாம்ப், அதே லோடு, மறுபடி அளவு. கழற்றிய மோட்டாரை ஸ்க்ராப்புக்குப் போடுங்கள். ஸ்பேராக வைத்தால் ஒரு நாள் அவசரத்தில் அதுவே மறுபடி மேலே ஏறும். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது கட்டணம் உண்டு. ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க விண்ணப்பிக்காவிட்டால் யூனிட் மட்டுமே குறையும்.

6. நகராட்சித் தெருவிளக்கு

தொழிற்கூடத்துக்கு மட்டுமல்ல, நகராட்சிக்கும் இதே கணக்குதான். இங்கே எஸ்கோ (எரிசக்திச் சேவை நிறுவனம்) முறை பொருந்தும்: நிறுவனம் தன் காசில் விளக்கு மாட்டும், நகராட்சி மிச்சத்திலிருந்து வருடக்கணக்கில் கட்டும். 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு 280 இழுக்கும். 110 வாட் எல்.இ.டி. போட்டால் 170 வாட் மிச்சம். 1,000 கம்பத்துக்கு 170 கிலோவாட் என்று ஒப்பந்தம் எழுதிவிடுவார்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் இரவில் வார்டு வார்டாகப் போய் எரியும் விளக்கை எண்ணுங்கள். 200 விளக்கு எரியாமல் இருந்தால் பழைய சுமை 280 அல்ல, 224 கிலோவாட்தான். புதிதாக 1,000 விளக்கும் எரியும்போது 110. உண்மையான மிச்சம் 114. ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும். அதை நகராட்சி வேறு நிதியிலிருந்து கட்ட வேண்டிவரும். இருண்ட தெருவுக்கு வெளிச்சம் வருவது நல்லதுதான், அந்தச் செலவை ஒப்பந்தத்தில் தனி இனமாக எழுதுங்கள். அணைந்த விளக்கை இத்தனை மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் இவ்வளவு பிடித்தம் என்ற ஷரத்தும், 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) பாதுகாப்பும் டெண்டரிலேயே இருக்கட்டும்.