கெப்பாசிட்டர் வோல்ட்டேஜ் கணக்கு: மூன்று எண் போதும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிற பிள்ளைகள் பலர், கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கி) சார்ஜ் ஆவதற்கு ஒரு சூத்திரம், டிஸ்சார்ஜ் ஆவதற்கு இன்னொரு சூத்திரம் என்று மனப்பாடம் செய்துவிட்டு, சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடையாக்கி) கூடினாலே திணறுகிறார்கள். அந்தப் பாடு தேவையில்லை. கெப்பாசிட்டர் ஒன்று, பேட்டரி, சில ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான் என்றால் மூன்று எண்ணைக் கண்டுபிடியுங்கள்: சுவிட்ச் போட்ட நொடியில் கெப்பாசிட்டரில் உள்ள வோல்ட்டேஜ், கடைசியில் அது போய் நிற்கும் வோல்ட்டேஜ், அப்புறம் டௌ, அதாவது மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் வரும் நேரம். அந்தந்த நேரத்து வோல்ட்டேஜுக்கும் கடைசி வோல்ட்டேஜுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு டௌவிலும் 36.8 சதவீதமாகச் சுருங்கும். ஏறினாலும் இறங்கினாலும் இதே விதிதான்.

செய்தே பார்க்கலாம். சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போனால் பாகங்கள் கிடைக்கும்: 100 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு, 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு. ரெசிஸ்டர் இரண்டையும் பேட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டு, கீழே உள்ளதற்கு இணையாகக் கெப்பாசிட்டரை வையுங்கள். பக்கவாட்டில் கோடு போட்ட கால் மைனஸ் பக்கம்தான் போகவேண்டும், மாற்றிப் போட்டால் கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும்.

தொடக்கம் 0. முழுக்கச் சார்ஜ் ஆனபின் கெப்பாசிட்டரில் மின்னோட்டம் இருக்காது, அதனால் அதைக் கழற்றிவிட்டதாக நினைத்துக் கணக்கிட்டால் கடைசி வோல்ட்டேஜ் 4.5. டௌவில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பி இருப்பதாக வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலிருந்து பாருங்கள்: இரண்டு ரெசிஸ்டரும் இணையாகத் தெரியும், 50 கிலோஓம். ஆக டௌ 5 நொடி. 5 நொடியில் 2.84 வோல்ட், 10 நொடியில் 3.89, 25 நொடியில் கிட்டத்தட்ட 4.47.

இப்போது பேட்டரியைக் கழற்றுங்கள். மேல் ரெசிஸ்டர் அந்தரத்தில் தொங்கும், கீழ் ரெசிஸ்டர் வழியாக மட்டுமே மின்னூட்டம் வடியும், அதனால் டௌ 10 நொடியாகிவிடும். ஏறியதைவிட இரு மடங்கு மெதுவாக இறங்குவதை மல்டிமீட்டரிலேயே பார்க்கலாம், 10 நொடியில் 1.66 வோல்ட்.

எண்கள் கொஞ்சம் தள்ளி வந்தால் பதற வேண்டாம். இவ்வகைக் கெப்பாசிட்டர்களில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சாதாரணம். டிஜிட்டல் மல்டிமீட்டருக்கே பெரும்பாலும் 10 மெகாஓம் மின்தடை உண்டு, 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சார்ஜ் ஆகும்போது மீட்டரைக் கைபேசியில் காணொளி எடுத்து, 0இலிருந்து ஏறி கடைசி அளவில் 63.2 சதவீதத்தை (100இல் 36.8 போக மீதி) எத்தனையாவது நொடியில் தொடுகிறது என்று குறியுங்கள். அதை 50,000ஆல் வகுத்தால் உங்கள் கெப்பாசிட்டரின் உண்மை மதிப்பு ஃபாரடில் வந்துவிடும்.