சில்லறை எரிச்சலுக்கு ஒரு டைரி

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஊரே வந்து நிற்கும். பால் பாக்கெட் ஒழுகி ஃப்ரிட்ஜ் பூராவும் நாறினால் யாரும் துக்கம் விசாரிக்க வர மாட்டார்கள். சில்லறை எரிச்சலை நாமேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் 1967இல், வாழ்க்கையின் பெரிய சம்பவங்கள் எவ்வளவு மன அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டார்கள்: துணையின் மரணம் 100, கல்யாணம் 50. (கல்யாணமும் அந்தப் பட்டியலில் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.) 1981இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸின் குழு, சாமான் தொலைவது, விலைவாசி, தலைக்கு மேல் வேலை என்று 117 அன்றாடத் தொல்லைகளை வைத்துப் பார்த்தது. மன உளைச்சலைக் கணிக்கப் பெரிய சம்பவங்களைவிட இவையே அதிகம் உதவின.

ஒரு பழைய டைரி எடுங்கள். எரிச்சல் வந்ததும் மணியோடு ஒரு வரி. 'ஒரே டென்ஷன்' என்று எழுதிப் பயனில்லை. '7.40, கீழ்வீட்டு ஸ்கூட்டர் என் வண்டிக்குக் குறுக்கே' என்று எழுத வேண்டும். ஒரு வாரம் போதும்.

என் டைரியில் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் நெரிசல். குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி கசியும். மகளின் ஐடி கார்டைக் காணோம். அப்புறம் அந்த ஸ்கூட்டர், வழியெல்லாம் சிக்னல். தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. ஆனால் ஒரு படபடப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். பத்து மணிக்கு ஆபீஸில் ஒரு பையன் "அக்கா, அந்த ஃபைல் எங்கே?" என்று சாதாரணமாகக் கேட்பான், ஸ்கூட்டர்காரருக்குச் சேர வேண்டியதெல்லாம் அவனுக்குக் கிடைக்கும்.

முதலில் காசில் தீருவதைத் தீர்த்துவிடுங்கள். புது கேஸ்கட்டுக்கு ஆகும் செலவு சொற்பம்; அதற்கு யோசித்துத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். ஐடி கார்டுக்குக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி.

ஆளிடம் பேசித் தீர வேண்டியதைக் காலையில் பேசாதீர்கள், வார்த்தை தடித்துவிடும். சாயங்காலம் போய், "அண்ணே, ஏழே முக்காலுக்கு நான் வண்டி எடுக்கணும், கொஞ்சம் சுவரோரமா நிறுத்திடுறீங்களா?" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 'தொந்தரவா இருக்கு' என்றால் சண்டைதான் வரும்.

சிக்னலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அந்த நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் டைரியில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், டைரி போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.