இருசக்கர வாகனக் காப்பீடு: பின்னிருக்கையில் அமர்பவரையும் எண்ணிப் பாலிசி எடுங்கள்

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத பைக்கையோ ஸ்கூட்டரையோ சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். மீறுவோருக்கு முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். புது வண்டிக்கு இந்தக் காப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2018 செப்டம்பரில் வந்தது. ஆனால் ஷோரூமில் தரும் பாலிசிகள் பலவற்றில், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. எனவே பாலிசியைக் கையில் வாங்கியதும் அதில் உள்ள இரண்டு காலாவதித் தேதிகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர் பாலிசி, உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். பின்னால் அமர்ந்து வரும் மனைவியோ மகனோ அந்த ‘மூன்றாம் நபர்’ கணக்கில் வருவார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்ச பாலிசி அவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. குடும்பத்தோடு வண்டியில் செல்பவர்கள், மூன்றாம் நபர் பொறுப்போடு சொந்தச் சேதத்தையும் பின்னால் அமர்பவரையும் சேர்த்துக்கொள்ளும் முழுமையான பாலிசியை எடுப்பதே முறை என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான். வண்டியின் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் ஏற்கெனவே இருந்தால், மீண்டும் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

முழுமையான பாலிசியில் ‘ஐ.டி.வி.’ (வண்டிக்குக் காப்பீட்டில் அறிவிக்கப்படும் மதிப்பு) என்று குறிப்பிடப்படும் தொகைதான், வண்டி திருடுபோனால் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை. பிரீமியம் குறையட்டும் என்று அதைக் குறைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றும்போது அவற்றின் விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும் என்பதால், புது வண்டிக்கு, அப்படித் தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்ப்பது பயனுள்ளது. சென்னையைப் போல மழைநீர் தேங்கும் ஊர்களில் எஞ்சின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்று எஞ்சின் பழுதானால், சாதாரண பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் மறுக்கப்படும்.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது முழுவதும் போய்விடும். பழைய வண்டி வாங்குவோர், உரிமை மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் தம் பெயருக்கு மாற்றும்படி நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.