ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு வசந்த நாள்: வெள்ளை அஸ்பாரகஸ் வாங்கி, சீவி, நாரைகளின் கீழே அமர்ந்து உண்பது எப்படி

கிழக்கு பிரான்ஸில் அல்சாஸ் பகுதியின் நகரமான ஸ்ட்ராஸ்பூர்கின் சந்தையில் ‘ஹோர்ட்’ என்று சாக்பீஸில் எழுதிய பலகை கண்ணில் பட்டால், மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்தக் கடைக்குப் போங்கள். நகருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் மணற்பாங்கான நிலம் கொண்ட ஊர் ஹோர்ட். அங்கே 1873இல் ஹெய்லர் என்ற பாதிரியார் தொடங்கிவைத்த வெள்ளை அஸ்பாரகஸ் சாகுபடிதான் இன்று அல்சாஸ் பகுதி முழுவதும் வசந்தத்தின் ருசியாக இருக்கிறது. நம் ஊர் தண்ணீர்விட்டான் கொடியும் இதுவும் ஒரே பேரினம். ஆனால் நாம் கிழங்கை எடுக்கிறோம். இங்கே தளிரைச் சாப்பிடுகிறார்கள். மண்ணை மேடாக அணைத்து, வெயில் படுவதற்கு முன்பே வெட்டிவிடுவதால்தான் அந்த வெள்ளை நிறம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24, அதாவது புனித யோவான் திருநாள் வரைதான் பருவம். ரெபுப்ளிக் சதுக்கத்தின் மக்னோலியா மரங்களையும் அதே நாளில் பார்க்க நினைத்தால் ஏமாற்றமே. அவை பெரும்பாலும் மார்ச் கடைசியில் பூத்து, அஸ்பாரகஸ் வருவதற்குள் உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே திண்டாடாதீர்கள், அஸ்பாரகஸையே தேர்ந்தெடுங்கள்.

சந்தை கூடுவது புரோய் சதுக்கத்தில் புதன், வெள்ளி. மார்ன் பூலவார் என்ற அகலச் சாலையில் செவ்வாய், சனி. எனக்கு மார்ன் சனிக்கிழமைச் சந்தைதான் பிடிக்கும். நாரைகள் கூடுகட்டும் ஒராஞ்சரி பூங்காவுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

2. வாங்குதல்

இருவருக்கு ஒரு கிலோ. கட்டைவிரல் பருமன் உள்ளதாக எடுங்கள். மெல்லியதைச் சீவினால் பாதி தோலோடு போய்விடும். வெட்டிய அடிப்பகுதி ஈரமாக இருக்க வேண்டும். இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று சத்தம் வந்தால் அன்று காலை வெட்டியது என்று நம்பலாம். உடனே சமைக்காவிட்டால் ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

3. சீவுதல்: இங்கே அவசரம் வேண்டாம்

முதல் வருடம் நான் தடுக்கி விழுந்தது இந்தப் படியில்தான். பச்சை அஸ்பாரகஸைத் தோலோடு சமைத்துப் பழகிய கை, வெள்ளையையும் அப்படியே கழுவிப் போட்டுவிட்டது. கால்மணி நேரம் கூடுதலாக வேகவைத்தும் வாயெல்லாம் நார். முருங்கைக்காயைப் போல மென்று துப்பிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அந்த நார் சதையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பூ போன்ற ஒரு பொருளை வீணாக்கிவிட்டோமே என்று அன்று மனம் வலித்தது.

தண்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி சீவினால் படக்கென்று ஒடிந்துவிடும். பலகையில் படுக்க வையுங்கள், அல்லது உள்ளங்கையிலிருந்து முன்கை நீளத்துக்குக் கிடத்துங்கள். மொட்டுப் போன்ற நுனியைத் தொடவே கூடாது. அதற்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கி அடிவரை ஒரே இழுப்பாகச் சீவி, தண்டைச் சற்றே உருட்டி, மறுபடியும் சீவுங்கள். நுனிப்பக்கம் லேசாக, அடிப்பக்கம் அழுத்தமாக. ஒரு சுற்று முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். தோல் மிச்சமிருக்கும் இடம் வழவழவென்று வழுக்கும். சீவிய இடம் ஈரமாகச் சற்றுச் சொரசொரக்கும். சந்தேகம் வந்தால் இன்னொரு சுற்று. கடைசியாக அடியிலிருந்து ஒரு விரற்கடை நறுக்கிவிடுங்கள்.

கத்தி வேண்டாம். ஒய் வடிவப் பீலர்தான் இதற்குச் சரியான கருவி. ஆடாத பிளேடு உள்ள பழைய பீலர் ஆழமாகக் கடித்துவிடும்.

4. வேகவைத்தல்

உயரமான தனிப்பாத்திரம் எதுவும் வாங்க வேண்டாம்; தண்டுகள் நீளவாக்கில் படுக்கும் அகலமான பாத்திரம் போதும். சீவிய தோலை உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே தண்டுகளை இடுங்கள். மெதுவான கொதியில் பதினைந்து முதல் இருபது நிமிடம். அடிப்பகுதியில் கத்திமுனை தடையின்றி இறங்கினால் எடுத்துத் துணிமேல் பரப்புங்கள்.

இந்த ஊர் வழக்கம் மூன்று சாஸ், பக்கத்தில் பன்றி ஹாம், குடிப்பவர்களுக்கு அல்சாஸ் மஸ்கட் ஒயின். வெளியே எடுத்துப்போக வினிகிரெட் போதும்: கடுகு விழுது ஒரு ஸ்பூன், வினிகர் ஒன்று, எண்ணெய் மூன்று, பொடியாக நறுக்கிய சைவ்ஸ் (மெல்லிய வெங்காயத்தாள் போன்ற கீரை). ஹாம் வேண்டாதவர்கள் அவித்த முட்டையை நசுக்கித் தூவுங்கள்.

5. ஒராஞ்சரி

வெதுவெதுப்பு ஆறுவதற்குள் டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புங்கள். மரத்து உச்சியில் வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுள்ளிக்கூடுகள். அவற்றின்மேல் செங்கால் நாரைகள். கழுத்தைப் பின்னால் மடக்கி, சிவந்த அலகைத் தடதடவென்று அடித்துத் துணையை வரவேற்கும் ஓசை தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். 1970களில் அல்சாஸ் முழுவதும் பத்து ஜோடிகூட மிஞ்சவில்லை. சதுப்பு நிலங்கள் வற்றியதும், மின்கம்பிகளும், குளிர்காலத்துக்குப் போகும் ஆப்பிரிக்காவில் வறட்சியும் சேர்ந்து அவற்றை அழித்தன. பூங்காவில் வளர்த்து மீட்டெடுத்ததன் பலனை இன்று அண்ணாந்து பார்க்கிறோம். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் விரிப்பைப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதியதை வைத்து

புனித வெள்ளியன்று போய்க் கடைகள் மூடிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பியதாக ஒருவர் எழுதியிருந்தார். பிரான்ஸின் பெரும்பாலான பகுதிகளில் அது வேலை நாள், அல்சாஸில் விடுமுறை. நான் சொல்லியிருக்க வேண்டும். முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். அப்படியே பேக்கரியில் சர்க்கரைப் பொடி தூவிய ஆட்டுக்குட்டி வடிவ ஈஸ்டர் கேக்கையும் வாங்குங்கள். சூஃப்ளென்ஹைம் ஊரின் மண் அச்சில் சுட்டெடுப்பார்கள்.

சமையலறை இல்லையே என்று கேட்ட சகோதரிக்கு: ஹோர்டுக்கு ரயில் இருக்கிறது. அங்குள்ள உணவகத்தில் மூன்று சாஸோடு கேளுங்கள்.

இன்னொருவர் ரைன் ஓரக் காட்டில் காட்டுப்பூண்டு இலை பறித்து வினிகிரெட்டில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். ருசி அபாரம். ஆனால் மே 1 அன்று தெருவெங்கும் விற்கும் மியூகே (லில்லி ஆஃப் தி வேலி) பூச்செடியின் இலையும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். அது கடும் விஷம். கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை வரும் என்பார்கள்; நான்கு இலை பறித்த பிறகு விரலெல்லாம் அந்த வாசனைதான், அப்புறம் எதை வைத்துப் பிரித்தறிவது? புதியவர்கள் சந்தையில் கட்டாக வாங்குங்கள்.