வங்கி ஏல வீடு: சாவி யாரிடம் இருக்கிறது?

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் ஏல விளம்பரத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "அண்ணே, வெளியில 70 லட்சம் போற வீடு, 48ல ஏலம் ஆரம்பிக்குது. டெபாசிட் கட்டிடவா?" ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் குதித்தேன். மூலப்பத்திரம் பாருங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். வங்கி ஏலத்தில் கோட்டைவிடும் மற்ற இடங்களைச் சொல்கிறேன்.

சுவாதீனம் எந்த வகை என்று பார்க்காதது

வாராக்கடனுக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி சொத்தைத் தன் வசம், அதாவது சுவாதீனம், எடுக்கிறது. சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரமும் கொடுத்தால் அது அடையாளச் சுவாதீனம். ஆட்கள் வெளியேறி, பூட்டுப் போட்டு, சாவி வங்கியிடம் வந்தால்தான் நேரடிச் சுவாதீனம். இரண்டு நிலையிலும் ஏலம் விடுவார்கள். வித்தியாசம் விளம்பரத்தில் பொடி எழுத்தில் ஒரே ஒரு சொல்.

நான் எடுத்த வீட்டின் காம்பவுண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாசலில் அன்று காலை போட்ட கோலமும் இருந்தது. பார்த்தேன். "ஏலம் முடிஞ்சதும் காலி பண்ணிடுவாங்க சார்" என்று கிளையில் சொன்னதையும் நம்பினேன்.

முழுப் பணத்தையும் கட்டி, விற்பனைச் சான்றிதழோடு போய் நின்றேன். வீட்டுக்காரப் பெரியவர் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். கூடவே, கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் தான் போட்டிருந்த வழக்கின் நகலையும் கொடுத்தார். வங்கியில் கேட்டால், "உள்ளது உள்ளபடின்னு போட்டுத்தானே சார் வித்தோம்" என்றார்கள். போட்டுத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு, வீட்டை நேரடியாக எடுத்துத் தரச் சொல்லி அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் வங்கியின் மனு. சென்னையில் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட், மாவட்டமென்றால் கலெக்டர். 30 நாளில் உத்தரவு, காரணம் எழுதினால் 60 நாள் என்கிறது சட்டம். எனக்கு வழக்கு, வாய்தா எல்லாம் சேர்ந்து இரண்டேகால் வருடம். அதுவரை அந்த வீட்டுக்கு இஎம்ஐ, குடியிருந்த வீட்டுக்கு வாடகை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே டெபாசிட்டுக்கு முன்பே வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு மெயில் போடுங்கள்: சாவி யாரிடம், உள்ளே யார், வழக்கு உண்டா? பதில் எழுத்தில் வரட்டும். அப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மீதிப் பணத்துக்கு லோனை நம்புவது

ஏலம் எடுத்த அன்றே, மிஞ்சினால் அடுத்த வேலைநாளில், 25% கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15 நாளில் மீதி. வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதம் வரை நீளும், அவ்வளவுதான். லோன் அதற்குள் வராமல் தவறினால் கட்டியது போச்சு. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அப்படி 3 கோடிக்கு மேல் போனது. வங்கி செய்தது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பழைய பாக்கி

வீட்டு வரி, ஈ.பி., மெயின்டனன்ஸ். பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

தம்பி நேற்று சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் போய்விட்டு அங்கிருந்தே கூப்பிட்டார். "அண்ணே, உள்ள சீரியல் ஓடுது."