கேன்ல முத்து முத்தா தண்ணி நிக்குது, ஆனா கன்னு ஏன் வாடுது?

வெயில் சூட்டை வச்சே செடிக்கன்னுக்குத் தண்ணி விடற வழி இது. அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் கேனோட அடியை வெட்டி எடுத்துட்டு, ஒரு சின்ன பாட்டிலோட கீழ்ப்பாதியில தண்ணி ஊத்தி மண்ணுல வச்சு, மேல கேனை கவுத்துடணும். வெயில் ஏற ஏற தண்ணி ஆவியாகி கேனோட உள்பக்கம் முத்து முத்தா கோத்துக்கும், அப்படியே வழிஞ்சு ஓரத்து மண்ணுல இறங்கும், பக்கத்துல இருக்கற கன்னோட வேர் அதை எடுத்துக்கும். ஊத்துன தண்ணி மேலாகவே காஞ்சுபோற வறண்ட நிலத்துக்கு இது ரொம்ப நல்ல வழி. ஆனா சில தப்பு பண்ணா அவ்வளவும் வீண்.

பெரிய தப்பு, கன்னையும் சேத்து கேனுக்குள்ள வைக்கிறது. உச்சி வெயில்ல அந்த மூடி திறந்து விரலை விட்டுப் பாருங்க, அனல் அடிக்கும், இளங்கன்னு அதுல வெந்துபோயிடும். கன்னு வெளியதான் இருக்கணும், கேன் ஓரத்துல இருந்து நாலு விரல் தள்ளி.

அடுத்து, கேனை சும்மா மண்ணு மேல வச்சிட்டு வர்றது. ஆவி சந்து வழியா போயிடும். ஓரம் ரெண்டு விரல் ஆழம் மண்ணுக்குள்ள இறங்கணும், சுத்தி மண் அணைச்சு நல்லா அமுக்கி விடுங்க, மூடியும் இறுக்கமா இருக்கணும்.

உள்ள வைக்கிற பாத்திரம் அகலமா இருந்தாலோ சுவத்தை ஒட்டி நின்னாலோ, வழியற தண்ணி திரும்ப அதுக்குள்ளயே விழும். வெளிய இருந்து பாத்தா கேன் பூரா முத்தா ஜொலிக்கும், ஆனா மண்ணுக்கு ஒரு சொட்டு போயிருக்காது. சுத்தி ரெண்டு விரல் இடைவெளி கட்டாயம் விடுங்க. பாத்திரம் கருப்பா இருந்தா சூட்டை நல்லா இழுக்கும், வெளிக்கேன் மட்டும் தெளிவா இருக்கணும், தூசி படிஞ்சா துடைச்சிடுங்க.

எவ்வளவு தண்ணி வரும்னு தெரியாம நம்பி இருக்கறதும் தப்புதான். இந்த மாதிரி அமைப்பு நல்ல வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 2லிருந்து 4 லிட்டர் தரும், 15 செ.மீ. அகல கேன் அதுல ஐம்பதுல ஒரு பங்குகூட இல்ல, கணக்குப் போட்டா 35லிருந்து 70 மில்லிதான். சின்னக் கன்னு உயிர் பிடிக்க இது உதவும், வளந்த செடிக்குப் பத்தவே பத்தாது. அதனாலதான் காஞ்ச மண்ணுல நேரா ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்றேன், முதல்ல குழி நிறைய தண்ணி விட்டு ஊறவச்சு, கன்னைச் சுத்தி காஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்கு போட்டுட்டு அப்புறம் கேனை வைங்க.

உப்புத்தண்ணி ஊத்தலாம், உப்பு பாத்திரத்துலயே தங்கிடும், ஆனா கழுவற தண்ணியை கன்னு பக்கத்துல கொட்டிடாதீங்க. பெட்ரோல், தின்னர் கலந்த தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் சேந்து ஆவியா போய் மண்ணுல இறங்கிடும்.

விடியக்காலையில கேனைப் பாக்காதீங்க, கேனுக்கும் கன்னுக்கும் நடுவுல விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, நுனியில ஈரம் ஒட்டலைன்னா அன்னைக்கே கையால தண்ணி ஊத்திடுங்க.